பேட்டரிக்கு அளவெடுத்த டெய்லரக்கா

மேல் தெருவுக்கு ஏறும் மேட்டில், சரியாகப் பாதி வழியில், டெய்லரக்காவின் மின்சார சைக்கிள் கையை விரித்துவிட்டது. விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது, மோட்டார் ஒருமுறை முனகியது, அவ்வளவுதான். பின்னால் கேரியரில் கட்டியிருந்த தையல் மெஷின் பதினொரு கிலோ. வண்டி இருபத்தாறு கிலோ. டெய்லரக்காவின் எடையை நாம் கேட்கக் கூடாது. எல்லோருடைய அளவும் அவளுக்குத் தெரியும், அவளுடைய அளவு மட்டும் யாருக்கும் தெரியாது. இத்தனையையும் முழங்கால் வலியோடு மேட்டில் தள்ளிக்கொண்டு போவது நடக்கிற காரியமில்லை. அவள் வண்டியைத் திருப்பி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே கீழே இறங்கினாள். அன்று திங்கட்கிழமை.

டெய்லரக்காவுக்குக் கடை என்று ஒன்று கிடையாது. கடைக்கு வர முடியாதவர்களுக்குத் தைப்பதுதான் அவள் தொழில். முதுகுப் பக்கம் திறக்கும் சட்டை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளும் கால்சட்டை, விரல் மடங்காதவர்கள் இழுத்து மூட வளையம் வைத்த ஜிப் என்று அவள் தைப்பதெல்லாம் எந்தக் கடையிலும் தொங்காத துணிகள். வீட்டுக்கே போய் அளவெடுப்பாள். தைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடியும் போவாள். அங்கேயே சாப்பாட்டு மேசைமேல் மெஷினை வைத்துப் பிரித்துத் திருத்தி, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். மேல் தெருக்களில் மட்டும் அப்படிப் பன்னிரண்டு வீடுகள். அங்கே பஸ் போகாது. தண்ணீர்க் குழாய் மாற்றுகிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டதில் இரண்டு மாதமாகக் காரும் ஏறுவதில்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்று பாட்டு வாத்தியார் வீடு. முப்பது வருஷம் ஒரு பாட்டுக் குழுவைக் கட்டி மேய்த்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை செயல்படாமல் போனதிலிருந்து அவர் வாசல் தாண்டவில்லை. குழுவிலிருந்து யார் போன் செய்தாலும் எடுப்பதில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் கூடத்தில் குழு பாடப் போகிறது. வருவாரா என்று கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பியும் அவர் பதில் சொல்லவில்லை. டெய்லரக்காவிடம் மட்டும் சொன்னார்.

"நானே போட்டுக்கிற மாதிரி ஒரு கோட் தச்சுத் தாங்க. இன்னொருத்தர் உடுத்திவிட்டு நான் அங்க போய் நிக்க மாட்டேன். நானே போட்டுக்கிட்டா போறேன். இல்லேன்னா இல்லை."

கோட்டை வெட்டி, பிரிக்கிற மாதிரி ஓட்டுத் தையலும் போட்டாயிற்று. அதன் முதுகில் டெய்லரக்கா ஒரு மடிப்பை ஒளித்து வைத்திருந்தாள். அவர் வலது கையால் இழுக்கும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்க வேண்டும், போட்ட பிறகு இருக்கும் இடம் தெரியாமல் மூடிக்கொள்ள வேண்டும். அது எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்பதை அவர் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கு மெஷின் மேலே போக வேண்டும். மெஷின் போக வேண்டுமென்றால் வண்டி போக வேண்டும்.

சைக்கிள் கடைக்காரர் பேட்டரியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆறு வருஷம் மேட்டில் ஏறிய பேட்டரி ஒரு பக்கம் உப்பியிருந்தது. உப்பியதை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று சொல்லி, பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் இடத்துக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டார். அனுப்புவதற்கு முன் அதில் ஒட்டியிருந்த விவரச் சீட்டை டெய்லரக்கா போனில் படம் எடுத்துக்கொண்டாள். அதே பேட்டரி இனிமேல் கிடைக்காது, அந்த வண்டியைச் செய்தவர்களே அதை மறந்துவிட்டார்கள், பொருந்துகிற மாதிரி வேறு ஒன்றைத்தான் தேட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார்.

டெய்லரக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். எந்திரம் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கருத்துச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அன்று மாலையே போனில் ஒரு பேட்டரியைக் கண்டுபிடித்து, அந்தப் படத்தை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். பழையது முப்பத்தாறு வோல்ட், இது நாற்பத்தெட்டு, மேட்டில் வண்டி பறக்கும் என்றார். கீழே கொட்டை எழுத்தில், எல்லா மின்சார சைக்கிளுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது.

டெய்லரக்காவுக்கு வோல்ட் தெரியாது. ஆனால் 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்பது நன்றாகத் தெரியும். ஃப்ரீ சைஸ் என்று எழுதிய துணி ஒருவருக்காவது ஒழுங்காகப் பொருந்தி, தைக்கத் தொடங்கிய இந்த முப்பது வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. அது பாதிப் பேருக்கு இறுக்கிப் பிடிக்கும், மீதிப் பேருக்குத் தொங்கும். போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அப்படியானால் சனிக்கிழமை மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு தானே மேடேறி வருவதாக அவர் சொன்னார். அவருடைய இடுப்பு அந்தப் பழைய பேட்டரியைவிட மோசம் என்று அவள் நினைவூட்டினாள். பேசாமல் முன் அறையைக் கடையாக்கிக்கொண்டு உட்காரேன், வருகிறவர்கள் வரட்டும் என்று அவர் அடுத்த யோசனையை எடுத்துவிட்டார். வர முடியாதவர்கள்தான் தன்னுடைய ஆட்கள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

வோல்ட்டும் ஆம்பியரும் அறிந்த ஆள் குடும்பத்தில் ஒருத்தி இருந்தாள். வீட்டுக்காரரின் தங்கை. குடும்பத்துக்கே அவள் சின்னவள். லிஃப்ட் மெக்கானிக், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் வழிக்குக் கொண்டுவருவாள். சிக்கல் என்னவென்றால், நாத்தனாரும் அண்ணியும் பேசி மூன்று வருஷம் ஆகிறது.

காரணம் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சின்னவளுக்கு ஒரு கால்சட்டை தைப்பதற்காக, வீடு நிறைய ஆட்கள் இருந்த ஒரு நாளில், டெய்லரக்கா நாடாவைச் சுற்றினாள். என் இடுப்பு முப்பத்திரண்டு என்று சின்னவள் சொன்னாள். டெய்லரக்கா நோட்டில் எழுதினாள், எழுதியதைப் பார்த்தாள், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத வாயால், "முப்பத்தி நாலு. ரெண்டு இன்ச் ஏறியிருக்கு" என்று அத்தனை பேர் நடுவிலும் போட்டு உடைத்தாள். சின்னவள் அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பிப் போனவள்தான். மன்னிப்புக் கேட்கலாமே என்று யாராவது சொன்னால், அளவு என்றால் அளவுதானே, அதற்கு எதற்கு மன்னிப்பு என்பாள் டெய்லரக்கா. அளவு விஷயத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது.

புதன்கிழமை காலையில், பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் சின்னவளைத் தேடிப் போனாள்.

ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது, குறுக்கே மஞ்சள் தடுப்பு. லிஃப்ட்டை மேலே நிறுத்திவிட்டுச் சின்னவள் அடியிலிருந்த குழிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தாள். தரைமட்டத்துக்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. நின்றபடி பேசினால் மேலேயிருந்து அதிகாரம் பண்ணுவது மாதிரி இருக்குமே என்று டெய்லரக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள். இப்போது இரண்டு முகமும் நேருக்கு நேர் வந்தன.

"யாருக்கு அளவெடுக்க வந்தீங்க, அண்ணி?" என்றாள் சின்னவள்.

டெய்லரக்கா அதை விழுங்கிக்கொண்டாள். பாட்டு வாத்தியாரைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் சனிக்கிழமையைப் பற்றியும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணன் காட்டிய நாற்பத்தெட்டைப் பற்றியும் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை சின்னவள் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, சீட்டின் படத்தைக் காட்டச் சொன்னாள்.

வேலை என்று வந்துவிட்டால் சின்னவளுக்குக் கோபதாபமெல்லாம் பிறகுதான். பெரிய எண் வேண்டாம், அதே எண்தான் வேண்டும் என்றாள் முதலில். முப்பத்தாறுக்குச் செய்த வண்டிக்கு நாற்பத்தெட்டைக் கொடுத்தால் பறக்காது, உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி புகைந்துபோகும். அண்ணன் பஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளட்டும். அடுத்தது ஆம்பியர். மேட்டில் இந்த வண்டி பதினைந்து வரைக்கும் கேட்கும். கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கக்கூடிய பேட்டரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி மேட்டில் அதுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். டெய்லரக்கா சார்ஜரையும் கையோடு கொண்டு வந்திருந்தாள். அதில் நாற்பத்திரண்டு என்று போட்டிருந்ததைக் காட்டி, எல்லாம் தப்பாகிவிட்டதா என்று பதறினாள். முப்பத்தாறு வோல்ட் பேட்டரி வயிறு நிறைந்தால் நாற்பத்திரண்டில் வந்து நிற்கும், சார்ஜர் சரியாகத்தான் இருக்கிறது என்றாள் சின்னவள். சில புது வண்டிகளில் வண்டியும் பேட்டரியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளுமாம். வேற்றுப் பேட்டரி வந்து உட்கார்ந்தால் வண்டி முகம் கொடுக்காதாம்.

"நல்லவேளை, உங்க வண்டி பழசு. யார் வந்து உட்கார்ந்தாலும் கேள்வி கேக்காது" என்றாள். குழிக்குள்ளேயிருந்து ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. டெய்லரக்கா அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டாள், ஆனால் மனதுக்குள் ஒரு பாரம் இறங்கியது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. பேட்டரி கேரியருக்கு அடியில் ஒரு தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்; அந்த இடத்தின் அளவு வேண்டும். "அது உங்க வேலை. நான் சொல்ல மாட்டேன்" என்றாள் சின்னவள்.

டெய்லரக்கா வீட்டுக்கு வந்து அந்த இடத்தை மூன்று முறை அளந்தாள். நீளம், அகலம், உயரம். சின்னவளுக்கு முன்னால் ஒரு நூலளவு பிசகக் கூடாது என்று கண்ணும் கருத்துமாக அளந்து, தன் பழைய நோட்டில், பாட்டு வாத்தியாரின் தோள் அளவுக்குக் கீழே, எழுதி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இருவருமாகப் பேட்டரிக் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்க அலுமினியப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கேட்ட வோல்ட்டுக்கு உள்ளே அடுக்கி, கேட்ட நீளத்துக்குப் பெட்டியை அறுத்து மூடித் தருவது அந்தக் கடைக்காரர் வழக்கம். சின்னவள் வோல்ட், ஆம்பியர், பிளக்கில் வரும் முள் எத்தனை, எது கூட்டல் எது கழித்தல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குடைந்ததில், கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். பிறகு, அந்தத் தண்டவாளத்துக்கு அகலமும் உயரமும் மாறாது, நீளம் மட்டும் சொன்னால் போதும் என்றார். டெய்லரக்கா நோட்டைப் பிரித்து, நீளம் பதினாறரை அங்குலம் என்று படித்தாள். வண்டியை ஒரு தரம் கொண்டுவந்து காட்டிவிட்டால் நல்லது என்று அவர் தயங்கினார்.

"நான் முப்பது வருஷமா அளவெடுக்கறேன்" என்றாள் டெய்லரக்கா.

அண்ணியின் அளவில் தப்பு வராது என்று சின்னவளும் ஒத்துப் பாடினாள். அது பாராட்டா குத்தலா என்று டெய்லரக்காவுக்குப் புரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னவள் புதுப் பேட்டரியோடு வந்து இறங்கினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் அவள் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து வீட்டுக்காரருக்கு வாய் காதுவரை போனது. மீட்டரை வைத்துப் பார்த்தார்கள்; நாற்பத்தொன்றரை வோல்ட். முட்களைச் சோதித்தார்கள், கூட்டல் கூட்டலில், கழித்தல் கழித்தலில். ஒரு குறை சொல்ல முடியாது. டெய்லரக்கா தன் கையாலேயே பேட்டரியைத் தண்டவாளத்தில் வைத்துத் தள்ளினாள். அழகாக வழுக்கிக்கொண்டு போனது. பூட்டு விழுவதற்கு ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றது.

இன்னொரு முறை தள்ளினாள். நின்றது. வீட்டுக்காரர் கருத்துச் சொல்ல வாயைத் திறந்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். டெய்லரக்கா நாடாவை எடுத்து இடத்தை அளந்தாள். பதினைந்தரை. நோட்டைப் பார்த்தாள். பதினாறரை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். துணிக்கு அளவெடுக்கிறவள் உடம்பின் அளவை அப்படியே எழுதமாட்டாள். தையலுக்குள் போவதற்கென்று அந்தப் பக்கம் அரை அங்குலம், இந்தப் பக்கம் அரை அங்குலம் விட வேண்டும். வெட்டும்போது யோசிக்கிற வேலை மிச்சம் என்று, டெய்லரக்கா எழுதும்போதே அதைச் சேர்த்து எழுதிவிடுவாள். கண் ஒன்றைப் படிக்கும், கை ஒன்றை எழுதும்; முப்பது வருஷத்தில் அது அவளுக்கே தெரியாமல் போய்விட்டது. அலுமினியப் பெட்டிக்கு யார் தையல் போடப் போகிறார்கள்?

பேட்டரிக் கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்கு முன் வேறு பெட்டி மாற்ற வழியில்லை என்றார். அவர் கேலியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று டெய்லரக்காவுக்கு இருந்தது.

டெய்லரக்கா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே ஒரு மனிதர் குளித்து, தலை வாரி, ஜன்னல் பக்கத்தில் நாலு மணிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். இன்றைக்குக் கோட் இல்லையென்றால் நாளைக்கு அவர் போகமாட்டார். நாளைக்குப் போகவில்லையென்றால் இனி எப்போதும் போகமாட்டார். அந்த முகத்தை இத்தனை நாள் பார்த்ததில் அவளுக்கு அது நிச்சயமாகத் தெரியும். தன்னுடைய வீம்பினால் ஒரு மனிதர் வீட்டுக்குள்ளேயே கிடக்கப் போகிறார் என்று நினைத்ததும் நோட்டைப் பின்னால் தூக்கிப் போட்டாள்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அப்போ எல்லா அளவும் இப்படித்தானா? அன்னிக்கு என் இடுப்புன்னு சொன்ன முப்பத்தி நாலும்?"

டெய்லரக்கா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. மெய்யைச் சுருக்கவும் வராது.

"ஒரு இன்ச் என்னோடது" என்றாள். "மிச்சம் ஒரு இன்ச் உன்னோடதுதான்."

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரு இன்ச்சுக்கா மூணு வருஷம், ஒரு இன்ச்சுக்கா மூணு வருஷம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டெய்லரக்கா முதலில் முறைத்தாள். பிறகு அவளுக்கும் தாங்கவில்லை. அழுகையாக வர இருந்தது சிரிப்பாக வெளியே வந்தது. அப்படியே, தன்னையறியாமல், அன்று எல்லோர் முன்னாலும் சொன்னது தப்புதான் என்றும் சொல்லிவிட்டாள். அளவுக்கு மன்னிப்பு எதற்கு என்று இத்தனை நாள் கேட்டவள், அளவில்லாததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் உள்ளே போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். அந்தச் சமயத்தில் அவரால் முடிந்தது அதுதான்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். பேட்டரி அங்கேதான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்றாள். கம்பியை நீட்டிவிடலாம், அது தன் பொறுப்பு. "ஆனா குழியில இறங்கினாலும் மேட்டுல ஏறினாலும் ஆடாம அதைப் பிடிச்சுக்க ஏதாவது வேணும். அதுக்குத்தான் என்கிட்ட வழி இல்லை."

டெய்லரக்கா எழுந்து வந்து பேட்டரியைப் பார்த்தாள். நாலு கிலோ கனம், நீள உடம்பு, மூலை நாலும் கூர்மை. வண்டியின் சரிவான குறுக்குத் தண்டுக்குக் கீழே, சீட்டுத் தண்டுக்கும் முன் தண்டுக்கும் நடுவில், முக்கோணமாக இடம் காலியாக இருந்தது. அடுத்தவர் உடம்பைப் பார்க்கிற மாதிரி அவள் அதைத் தலை சாய்த்துப் பார்த்தாள்.

"இதுக்கு ஒரு சட்டை தச்சுட்டா போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை வேலை என்று சொல்வதா விளையாட்டு என்று சொல்வதா தெரியவில்லை. டெய்லரக்கா நாடா பிடித்தாள்; நோட்டில் எழுதும் உரிமை அவளிடமிருந்து பறிக்கப்பட்டு, நாடாவில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதுகிற ஆளாகச் சின்னவள் நியமிக்கப்பட்டாள். சக்கர நாற்காலிக்கு உறை தைக்க வாங்கி வைத்திருந்த தடித்த கான்வாஸ் வெளியே வந்தது. யாரும் உடற்பயிற்சி செய்யாத உடற்பயிற்சி விரிப்பு ஒன்று உள்பஞ்சுக்காக வெட்டுப்பட்டது. பைக்கு வைக்கிற அகலப் பட்டைகளை மூன்று இடத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரிசைத் தையல் போட்டாள். சின்னவள் சாப்பாட்டு மேசையின் மறுபாதியில் உட்கார்ந்து, பழைய கம்பியின் தடிமனிலேயே புதுக் கம்பி சேர்த்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ் வைத்து, மழைத்தண்ணீர் வழிந்து கீழே சொட்டட்டும் என்று கம்பியை ஒரு வளைவு தொங்கவிட்டு முடித்தாள். கம்பி வெளியே வர எவ்வளவு ஓட்டை வேண்டும் என்று டெய்லரக்கா கேட்டாள். ஓட்டையைச் சுற்றிப் பித்தான் துளைக்குப் போடுகிற மாதிரி நெருக்கமாகக் காஜா எடுத்தாள். பேட்டரிக்குக் காஜா எடுத்த சட்டை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதில் அன்றைக்கு உருப்படியான கருத்து அதுதான்.

சட்டை பேட்டரிக்குக் கச்சிதமாக ஏறியது. ஒரு விரலைக்கூட நடுவில் நுழைக்க முடியவில்லை. முக்கோணத்தில் வைத்துப் பட்டைகளை இழுத்துக் கட்டியதும், பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது போல உட்கார்ந்துகொண்டது. ஆடுகிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் வண்டியைத் தூக்கி உலுக்கினார். பேட்டரி ஆடவில்லை, அவர் இடுப்புதான் ஒரு சத்தம் போட்டது. சின்னவள் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது, சார்ஜ் காட்டும் ஐந்து கட்டமும் நிறைந்து நின்றன.

மூன்று மணிக்கு டெய்லரக்கா கிளம்பினாள். நடுவழியில் நின்று கம்பி சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள் என்று சின்னவள் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து சொன்னாள்.

மேட்டின் அடியில் டெய்லரக்கா பட்டைகளை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். போன தடவை கைவிட்ட அதே இடத்தை நெருங்கும்போது மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த இடம் வந்தது. அந்த இடம் போனது. மோட்டார் ஒரே சீராக ஓடியது. நிறுத்தி, இறங்கி, கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். கைக்குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஜுரம் இல்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். தோண்டிப் போட்ட மண்ணுக்கு நடுவே வளைந்து வளைந்து, காரணமே இல்லாமல் மணியை அடித்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதுக்காரி மேல் தெருவுக்குள் நுழைந்தாள். குழி தோண்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள்.

வாத்தியார் ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி மேசையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். டெய்லரக்கா கோட்டை எடுத்து நாற்காலியின் முதுகில் மாட்டினாள். மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். மனைவியையும் கண்ணாலேயே நிற்கச் சொன்னாள்.

வாத்தியார் வலது கையால் இடது கையைத் தூக்கிக் கோட்டின் இடது கைக்குள் விட்டார். உள்ளே வழுவழுப்பான துணி வைத்திருந்ததால் தோள்வரை சிரமமில்லாமல் போனது. கழுத்துப் பட்டைக்கு உள்ளே டெய்லரக்கா தைத்திருந்த வளையத்தில் கட்டைவிரலை மாட்டி, முதுகுக்குப் பின்னால் சுற்றி இழுத்தார். வலது தோளுக்கு வருவதற்குள் சிக்கிக்கொண்டது. அவர் முகம் கறுத்தது. டெய்லரக்கா கழற்றச் சொல்லி, மடிப்பைப் பிரித்து, ஆழத்தைக் கூட்டி, அங்கேயே அடித்துக் கொடுத்தாள். இரண்டாம் முறை வலது கை பாதி வரைக்கும் நுழைந்தது. மறுபடி பிரித்தாள்.

மூன்றாம் முறை அவர் இழுத்தபோது முதுகில் மடிப்பு விரிந்து கொடுத்தது. வலது கை உள்ளே போனது. விரல்கள் கோட்டுக் கையின் முனையில் வெளியே எட்டிப் பார்த்தன. அவர் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினார்; மடிப்பு தானாக மூடிக்கொண்டது. பித்தான்களுக்கு அடியில் காந்தம் வைத்திருந்தாள். ஒன்றன்மேல் ஒன்றை அவர் ஒரே கையால் வைக்க வைக்க, ஒவ்வொன்றும் சின்னச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. நாலு பித்தான், நாலு சத்தம்.

அவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளவில்லை. கோட்டைக் கழற்றினார். மறுபடி தானே போட்டார். மறுபடி கழற்றி, மறுபடி போட்டார். மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை போடும்போது வாத்தியார் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார். அது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

பிறகு போனைக் கேட்டார். ஒரு வருஷமாக அவர் தொடாத போன். எண்ணை அவரே அழுத்தினார். அந்தப் பக்கம் குழுவிலிருந்து யாரோ எடுத்தார்கள்.

"நாளைக்கு நான் வரேன்" என்றார். வார்த்தைகள் மெதுவாகத்தான் வந்தன. "நாற்காலி வேண்டாம். நின்னுக்கிட்டேதான் நடத்துவேன்."

டெய்லரக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவள் ஒன்றும் முயற்சி செய்யவில்லை. நெஞ்சு கொள்ளாத சந்தோஷம் வரும்போது அழத்தான் வேண்டும் என்பது அவள் கட்சி. அழுதுகொண்டே கோட்டை வாங்கி மடிப்பின் ஓரத்தை அடித்து, நூலை அறுத்து, ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டு, மெஷினை மூடினாள். மடிப்பின் ஓரத்துக்கு இனிப் பிரியாத தையல் போட்டுக் கொடுத்தாயிற்று, துவைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வண்டி வாசலில் சட்டையோடு நின்றிருந்தது. மெஷினைக் கேரியரில் கட்டி, சாவியைத் திருப்பிப் பார்த்தாள். நாலு கட்டம் மிச்சமிருந்தது. இன்னும் வெளிச்சமும் இருந்தது. இதே தெருவின் மேல்கோடியில் ஓர் அம்மாள் இரண்டு வாரமாக ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுக்கக் காத்திருந்தார். அதற்கு அடுத்த சந்தில் இன்னொரு வீடு. கீழே திருப்ப வேண்டிய வண்டியை டெய்லரக்கா மேலே திருப்பினாள்.